கலைக்கப்படாத அணி

2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் புள்ளிப் பட்டியலில் மொத்தம் 31 அணிகள் இருந்தன. 31ஆவது இடத்தில் இருந்தது செயின்ட் லூயிஸ் புளூஸ். 37 ஆட்டங்கள் ஆடி 15இல் மட்டுமே வென்றிருந்தது. கையில் 34 புள்ளிகள். பருவம் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு ஜூன் 12ஆம் தேதி இரவு, பாஸ்டன் நகரத்து அரங்கில், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள் ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றார்கள். ஐஸ் ஹாக்கியில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. இடையே ஐந்து மாதங்களும் சில நாட்களும்தான்.

இந்தக் கதையில் மிகவும் யோசிக்க வைப்பது அந்த 'ஏறக்குறைய அதே' என்ற சொல்தான். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை எல்லோரும் ஒரே மாதிரிதான் சரிசெய்யப் பார்ப்பார்கள்: நட்சத்திரங்களை விற்று, இளைஞர்களை வாங்கி, புதிதாகத் தொடங்குவது. புளூஸ் அணியிலும் அப்படித்தான் நடக்கும் என்று அந்தக் குளிர்காலத்தில் பேச்சு அடிபட்டது. கோல் அடிக்கும் ரஷ்யர் விளாடிமிர் தாரசென்கோ, கேப்டன் அலெக்ஸ் பியெட்ராஞ்சலோ ஆகியோரின் பெயர்களே அந்தப் பேச்சில் வந்தன. பொது மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் அதைச் செய்யவில்லை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்தபோதும் அவர் அணியில் பெரிதாகக் கைவைத்திருக்கவில்லை.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுமார் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள பனித்தளம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கிடையாது, 'பக்' என்று ஒரு ரப்பர் வில்லை. கேரம் காயைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்; எடை 170 கிராம் அளவில். ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதி. முழு வேகத்தில் சறுக்குவதால் யாராலும் ஒரு நிமிடத்துக்கு மேல் களத்தில் தாக்குப்பிடிக்க முடியாது; முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறுவார்கள். அந்தப் பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். அதிலிருந்து 16 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும். அங்கே நான்கு சுற்று. ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர் மேலே போகலாம். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும்.

செயின்ட் லூயிஸ், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மிசௌரி மாநில நகரம். அந்த ஊரின் பெயரில் டபிள்யூ. சி. ஹேண்டி 1914இல் வெளியிட்ட புளூஸ் பாடல் உலகப் புகழ் பெற்றது; அணியின் பெயர் அதிலிருந்து வந்தது. லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்த 1967இல் பிறந்த அணி இது. புதிய ஆறும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டதால், அந்தப் பிரிவில் வென்ற புதிய அணி நேராக இறுதிச்சுற்றுக்குப் போனது. 1968, 1969, 1970 என்று மூன்று ஆண்டும் போனது புளூஸ்தான். மூன்று முறையும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் 0-4 என்று தோற்றது. மூன்றாவது தோல்வியின் கடைசி கோலை அடித்த பாஸ்டனின் பாபி ஓர், தடுக்கி விடப்பட்டு, இரு கைகளையும் விரித்துக் காற்றில் பறக்கும் புகைப்படம் இந்த விளையாட்டிலேயே மிகவும் பிரபலமானது. ஹாக்கி ரசிகர்களுக்கு அது அழகான படம். செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு அப்படியில்லை.

அதன்பின் இறுதிச்சுற்று வாசலையே மிதிக்கவில்லை. 1980 முதல் 2004 வரை இடைவிடாமல் 25 பருவங்கள் பிளே-ஆஃப் ஆடியும் கோப்பை வரவில்லை. 1983இல் உரிமையாளர்கள் அணியை கனடாவின் சாஸ்கட்டூன் நகருக்கு விற்கப் பார்த்தார்கள். லீக் அனுமதி மறுத்ததால்தான் அது ஊரிலேயே தங்கியது. அந்த நகரம் தன் கூடைப்பந்து அணியை 1968இலும் அமெரிக்கக் கால்பந்து அணியான ராம்ஸை 2016இலும் பறிகொடுத்திருக்கிறது. அந்த ஊரார் ஓர் அணியின் மேல் வைக்கும் பாசத்தில் அது போய்விடுமோ என்ற பயமும் கலந்திருந்தால் வியப்பில்லை.

2018 கோடையில் ஆம்ஸ்ட்ராங் தாராளமாகவே அணியைப் பலப்படுத்தியிருந்தார். பஃபலோ அணியிலிருந்து ரயன் ஓ'ரைலி வந்தார். அவர் விட்டுவந்த அணி முந்தைய பருவத்தில் லீகிலேயே கடைசி. தொடர் தோல்விகளால் விளையாட்டின் மேல் இருந்த காதலையே சில நேரம் இழந்துவிட்டதாக அங்கிருந்து கிளம்பும் முன் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். செயின்ட் லூயிஸிலேயே பிறந்து வளர்ந்த பேட் மரூன், தன் மகனுக்கு அருகில் இருப்பதற்காக ஒரே ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் ஊர் திரும்பினார். எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. 19 ஆட்டங்களில் ஏழே வெற்றி. நவம்பர் 19இல் பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டு, கிரெய்க் பெரூபி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார்.

பெரூபி தன் காலத்தில் முரட்டு ஆட்டக்காரர். 1,054 ஆட்டங்களில் 3,149 நிமிடங்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தவர். அவர் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. டிசம்பர் 10இல், பயிற்சியின்போதே ராபர்ட் போர்டூசோவும் ஸாக் சான்ஃபோர்டும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். அந்தக் காட்சி எங்கும் பரவியது. அடுத்த மூன்று வாரத்தில்தான் அணி பட்டியலின் அடியைத் தொட்டது.

ஜனவரி 7ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஆடவேண்டிய ஆட்டத்துக்கு, பெரூபி கோல் வலைக்கு முன் நிறுத்தியது 25 வயது ஜோர்டன் பின்னிங்டனை. 2011இல் மூன்றாவது சுற்றில் தேர்வானவர். ஏழு ஆண்டுகளாகப் பெரும்பாலும் கீழ்நிலை லீக்குகளில்தான் இருந்தார். முந்தைய பருவத்தில் அவரை நிறுத்த இடமில்லாமல் பாஸ்டனின் கிளை அணிக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். பருவத் தொடக்கத்தில் கோல்கீப்பர்கள் வரிசையில் அவர் நான்காவது ஆள். என்.எச்.எல்.லில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடிய அந்த இரவில் வந்த 25 ஷாட்களையும் தடுத்தார். 3-0.

பிறகு அவரை வெளியே உட்கார வைக்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய ஆட்டங்களில் 24 வெற்றி, ஆறே தோல்வி. பதற்றமாக இருக்கிறதா என்று ஒரு நிருபர் கேட்டபோது, "நான் பதற்றமாக இருப்பதுபோலத் தெரிகிறதா?" என்று முகம் மாறாமல் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை ரசிகர்கள் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

அதே ஃபிலடெல்ஃபியா பயணத்தில்தான் அணிக்கு ஒரு பாட்டும் கிடைத்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை சில ஆட்டக்காரர்கள் ஒரு மதுக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைதோறும் பாட்டுப் போட்டவரிடம், லாரா பிரானிகன் 1982இல் பாடிய 'குளோரியா'வைப் போடச் சொல்லி ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். பாட்டு வந்தபோதெல்லாம் கூடமே எழுந்து ஆடியது. இனி வெற்றி ஒவ்வொன்றுக்கும் இதுதான் நம் பாட்டு என்று அங்கேயே முடிவு செய்தார்கள். 2004இல் இறந்துபோன பிரானிகனின் குரல் அந்த வசந்தத்தில் செயின்ட் லூயிஸ் தெருவெல்லாம் ஒலித்தது.

ஜனவரி 23 முதல் பிப்ரவரி 19 வரை தொடர்ந்து 11 வெற்றி. அணியின் வரலாற்றிலேயே அது சாதனை. பருவம் முடியும்போது கையில் 99 புள்ளிகள், மத்தியப் பிரிவில் மூன்றாவது இடம்.

பிளே-ஆஃபின் முதல் சுற்றில் வின்னிபெக்கை ஆறு ஆட்டங்களில் முடித்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் வெறும் 15 நொடி மிச்சமிருக்கும்போது ஜேடன் ஸ்வார்ட்ஸ் வெற்றி கோலை அடித்தார். பருவம் முழுவதும் கோலுக்குத் திணறிய ஸ்வார்ட்ஸ் பிளே-ஆஃபில் மட்டும் 12 அடித்தார்.

இரண்டாவது சுற்றில் டாலஸ் அணி அவர்களை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. மே 7ஆம் தேதி, சொந்த ஊரில், 1-1 என்று ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரத்துக்குப் போனது. டாலஸின் கோல்கீப்பர் பென் பிஷப்பும் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர்தான். அன்று 52 ஷாட்களைத் தடுத்தார். கடைசியாக வந்தது கம்பத்தில் பட்டு, பிஷப்பின் தலைக்குப் பின்புறம் மோதி, கோல் வாசலில் விழுந்தது. அங்கே நின்றிருந்தவர் மரூன். மகனுக்காக ஊர் திரும்பியவரின் மட்டை அந்த பக்கை உள்ளே தள்ள, மகன் மேலே இருக்கையில் அழுதுகொண்டிருந்தான்.

அடுத்த சுற்று சான் ஹோசேயுடன். மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் இருக்கும்போது சான் ஹோசேயின் டீமோ மையர் பக்கைக் கையால் தட்டி சகாவுக்கு அனுப்பினார். அது விதிமீறல். நடுவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எரிக் கார்ல்சன் கோலும் அடித்துவிட்டார். அப்போதைய விதியின்படி அந்தத் தவறை வீடியோவில் மறுபரிசீலனை செய்ய வழியில்லை. (அந்தக் கோடையிலேயே விதியை மாற்றினார்கள்.) அரங்கம் கொந்தளித்தது. எந்த அணியும் மனம் உடைந்துபோகும் இடம் அது. புளூஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் 2-1, 5-0, 5-1 என்று வென்று தொடரை முடித்தது.

அந்த அணியின் குணம் இந்த மூன்று ஆட்டங்களில்தான் இருக்கிறது. பிளே-ஆஃபில் அவர்கள் மொத்தம் பத்து முறை தோற்றார்கள். அந்தப் பத்துத் தோல்விகளுக்கும் அடுத்து வந்த ஆட்டங்களில் எட்டை வென்றார்கள். இன்னொரு வியப்பு: சொந்த அரங்கில் ஆறு வெற்றி, ஏழு தோல்வி, வெளியூரில் பத்து வெற்றி, மூன்றே தோல்வி. பின்னிங்டனின் நிதானம் இதற்கு ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தனி ஒருவரால் இது நடக்காது. தோல்விக்கு மறுநாள் ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் எழுந்து வரும் பழக்கத்தை டிசம்பரிலும் ஜனவரியிலும் பட்டே கற்றார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்போது அணியைக் கலைத்திருந்தால் அந்தப் பாடம் ஆளுக்கொரு ஊருக்குப் போயிருக்கும்.

இறுதிச்சுற்றில் எதிரே நின்றது பாஸ்டன் புரூயின்ஸ். 1970இல் பாபி ஓர் பறந்த அதே அணி. முதல் ஆட்டம் தோல்வி. இறுதிச்சுற்றில் புளூஸ் ஆடிய 13 ஆட்டங்களும் தோல்வி என்றானது. இரண்டாவது ஆட்டத்தில் புளூஸின் முதல் கோலை அடித்தவர் பயிற்சியில் சண்டை போட்ட போர்டூசோ. தாரசென்கோ சமன் செய்தார். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் தற்காப்பு ஆட்டக்காரர் கார்ல் குன்னார்சன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்துக்கு முந்தைய இடைவேளையில் கழிப்பறையில் பெரூபியைப் பார்த்த குன்னார்சன், இன்னொரு வாய்ப்பு கிடைத்தால் போதும் என்றாராம். நான்காவது நிமிடத்தில் கிடைத்தது. 49 ஆண்டுகளுக்கு முன் முடிந்திருந்த கதையில் முதல் வெற்றி.

பிறகு 7-2 என்ற அவமானகரமான தோல்வி, அதைத் தொடர்ந்து இரண்டு வெற்றி. கோப்பைக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கி. ஊரே திரண்டிருக்க, ஆறாவது ஆட்டத்தில் சொந்த அரங்கில் 5-1 என்று தோற்றார்கள். ஏழாவது ஆட்டம் பாஸ்டனில்.

ஜூன் 12. முதல் இருபது நிமிடம் பாஸ்டன்தான் ஆடியது. 12 ஷாட்கள் அடித்தது. பின்னிங்டன் எதையும் விடவில்லை. புளூஸ் அடித்தது நான்கே ஷாட். அதில் ஒன்றில், ஜே பௌமீஸ்டர் தூரத்திலிருந்து அனுப்பியதை ஓ'ரைலி மட்டையால் லேசாகத் திருப்பிவிட, அது கோல்கீப்பர் டூக்கா ராஸ்கின் கால்களுக்கிடையே புகுந்தது. பகுதி முடிய எட்டு நொடி இருக்கும்போது பாஸ்டனின் பிராட் மார்ஷண்ட் ஆள் மாற்றிக்கொள்ள வெளியே சென்றார். அந்த இடைவெளியில் ஸ்வார்ட்ஸிடமிருந்து வந்த பக்கை கேப்டன் பியெட்ராஞ்சலோ உள்ளே செலுத்தினார். மூன்றாவது பகுதியில் பிரெய்டன் ஷென் ஒன்று, சான்ஃபோர்ட் ஒன்று. ஆம், டிசம்பர் சண்டையின் மற்றொரு ஆள். அவரும் பாஸ்டன் உள்ள அதே மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். 4-1. பின்னிங்டன் 32 ஷாட்களைத் தடுத்திருந்தார். பிளே-ஆஃபில் 16 வெற்றி பெற்ற முதல் அறிமுகப் பருவ கோல்கீப்பர் அவர்.

பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது ஓ'ரைலிக்கு. விலா எலும்பில் விரிசலோடு ஆடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. 26 ஆட்டங்களில் 8 கோல், 15 கோல்களுக்கு உதவி. கடைசி நான்கு ஆட்டங்களிலும் ஒவ்வொரு கோலாவது. விளையாட்டின் மேல் காதல் போய்விட்டது என்று சொல்லி 14 மாதங்கள் ஆகியிருந்தன.

15 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தக் கோப்பையை கேப்டன் வாங்கி, இரண்டாவதாக யாரிடம் தருகிறார் என்பதை ஹாக்கி உலகம் உற்றுப் பார்க்கும். பியெட்ராஞ்சலோ அதைக் கொடுத்தது 35 வயது பௌமீஸ்டரிடம். ஆயிரத்துக்கு மேல் ஆட்டங்கள் ஆடியும் அதுவரை கோப்பையைத் தொடாதவர். அரிதான நோயெதிர்ப்புக் கோளாறுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றுவந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, மருத்துவர்களின் அனுமதியோடு செயின்ட் லூயிஸிலிருந்து வந்திருந்தாள். பருவம் முழுக்க அணிக்குத் தோழியாக இருந்தவள் அவள். அன்றிரவு பனித்தளத்தில் நின்று கோப்பைக்கு அவளும் முத்தமிட்டாள்.

ஜூன் 15ஆம் தேதி செயின்ட் லூயிஸின் மார்க்கெட் தெருவில் ஊர்வலம் நடந்தது. ஆட்டக்காரர்கள் வண்டிகளிலிருந்து இறங்கி, கோப்பையோடு கூட்டத்துக்குள் நடந்தார்கள். வேலிக்கு மேலே நீண்ட கைகள் அதைத் தொட்டுப் பார்த்தன. ஊர்வலத்தில் 76 வயது பாப் பிளேகரும் இருந்தார். 1967இல் தொடங்கிய முதல் புளூஸ் அணியில் ஆடியவர். அண்ணன் பார்க்ளே, தம்பி பில் என்று மூன்று சகோதரர்களும் அந்த நீலச் சட்டை போட்டவர்கள். ஆடி முடித்தபின்னும் அந்த அணியை விட்டுப் போகாதவர். இந்தத் தெருவில் இப்படி ஓர் ஊர்வலம் வரவேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இரண்டு ஆண்டுகள்கூட ஆவதற்குள், 2021 மார்ச்சில், அவர் காலமானார். அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.