கருவில் மதுவின் தாக்கமும் வளர்ந்தோர் வாழ்வும்

கர்ப்பிணி அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடைந்து, உருவாகிவரும் மூளையைப் பாதிக்கிறது. இதனால் ஏற்படும் குறைபாடுகளின் கடுமையான வடிவம் கரு மதுசார நோய்த்தொகுப்பு எனப்படும். 1968இல் பிரான்சில் பால் லெமுவான் 127 குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். அது அதிகம் கவனிக்கப்படவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் இதற்குப் பெயரிட்டனர்.

சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல் ஆகியவை குழந்தைப் பருவ அடையாளங்கள். வளர வளர இவை பலருக்கு மங்கிவிடும். மூளையின் பாதிப்பு மறையாது. சிக்கலே இங்குதான். சரளமாகப் பேசும் ஒருவருக்கு மாதச் சம்பளத்தைப் பங்கிட்டுச் செலவழிக்கத் தெரியாது, நேரக்கணக்கு பிடிபடாது, பட்ட அடியிலிருந்து பாடம் கற்பதும் கடினம். நுண்ணறிவு ஈவு சராசரிக்கு அருகில் இருந்துவிட்டால் மாற்றுத்திறனாளி உதவிகளும் எளிதில் கிடைப்பதில்லை. சோம்பேறி, பொய்யர் என்ற பெயர்தான் கிடைக்கிறது.

ஆன் ஸ்ட்ரைஸ்குத் குழுவினர் 415 பேரை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 90 சதவீதத்திற்கும் அதிகமானோருக்கு மனநலச் சிக்கல்கள் இருந்தன. வளர்ந்தோரில் ஏறத்தாழ 80 சதவீதத்தினரால் பிறர் துணையின்றி வாழ இயலவில்லை. இவர்கள் ஏற்கெனவே மருத்துவ உதவி நாடி வந்தவர்கள் என்பதையும் கருத வேண்டும். ஆறு வயதுக்குள் பாதிப்பு கண்டறியப்பட்டவர்களும், நிலையான வீட்டுச் சூழலில் வளர்ந்தவர்களும் பள்ளி இடைநிற்றல், சட்டச் சிக்கல் போன்றவற்றில் குறைவாகவே சிக்கினர். வளர்ந்த பின்னும் வரவுசெலவைப் பார்த்துக்கொள்ளவும், அன்றாட வேலைகளை நினைவூட்டவும் நம்பிக்கையான ஒருவர் உடனிருப்பது பெரிதும் உதவுகிறது.