கேம் தண்டின் தெரிவு: பழைய சிறு பந்தய எஞ்சின் ஒன்றினை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் எஞ்சின் உறுப்புகளின் தொகுதியாக இருப்பதோடு, அவ்வுறுப்புகளுக்கிடையே நிலவும் உறவுகளின் தொகுதியாகவும் உள்ளது. தனியே எடுத்துவைத்து எந்த உறுப்பின் தராதரத்தையும் மதிப்பிடல் இயலாது. சிறு கார்ட் வண்டிகளின் எஞ்சினுக்குக் கேம் தண்டு தெரிவதில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். வால்வை மிக உயரமாகத் தூக்கி, மிக நீண்ட நேரம் திறந்து வைக்கும் தண்டே சிறந்தது என்னும் எண்ணம் பரவலானது. உதிரிப்பாக வணிகமும் அதனை வளர்க்கின்றது. அவ்வெண்ணம் ஏன் பொருந்தாது என்பதையும், தெரிவு எவ்வொழுங்கில் அமையவேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்ட் வண்டி 1956ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் ஆட் இங்கல்ஸ் என்பவரால் முதன்முதல் அமைக்கப்பட்டது. அதில் பொருத்தப்பட்டது ஈரடிப்பு எஞ்சின். அதற்குக் கேம் தண்டு இல்லை. பின்னர், புல்வெட்டும் பொறிகளுக்கென மில்வோக்கி நகரின் பிரிக்ஸ் அன்ட் ஸ்ரற்றன் நிறுவனம் ஆக்கிய 5 குதிரைவலு நாலடிப்பு எஞ்சின் பந்தயக் களத்துக்கு வந்தது. மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தமையால், பெருஞ்செல்வம் இல்லாதோரும் பந்தயத்தில் ஈடுபட அது வழிதிறந்தது. அதன் உருளை விட்டம் 65.1 மில்லிமீற்றர்; அடிப்பு நீளம் 61.9 மில்லிமீற்றர், கொள்ளளவு ஏறத்தாழ 206 கன சென்ரிமீற்றர். வால்வுகள் உருளையின் பக்கத்தே நின்று மேல்நோக்கித் திறப்பதால் இவ்வகை பக்கவால்வு எஞ்சின் எனப்படும்.

கேம் தண்டு கிறாங் தண்டின் அரைவாசி வேகத்தில் சுழல்வது. அதன் முட்டைவடிவ மேடுகளே வால்வுகள் எப்பொழுது, எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எஞ்சினின் சுவாசத்தை ஒழுங்குபடுத்துவதே அதன் தொழில். அது தானாக வலுவைப் பிறப்பிப்பதில்லை. வலு என்பது முறுக்கத்தினதும் சுழற்சி வேகத்தினதும் பெருக்கம். நிமிடத்துக்கு 3600 சுற்றில் 5 குதிரைவலு பெறப்படின், முறுக்கம் ஏறத்தாழ 9.9 நியூற்றன்மீற்றர். அதே முறுக்கம் 6000 சுற்றிலும் நிலைக்குமாயின் வலு 8.3 குதிரைவலுவாக உயரும். ஆகவே, பந்தயக் கேம் செய்வது பெரும்பாலும் எஞ்சின் நன்கு சுவாசிக்கும் வேக எல்லையை மேல்நோக்கி நகர்த்துவதேயாகும்.

இந்நகர்வுக்கு ஒரு விலை உண்டு. உள்ளெடுப்பு வால்வு, முசலம் கீழ்நிலையை அடைந்த பின்னரும் சிறிது நேரம் திறந்திருக்கும். உயர் வேகத்தில், உள்ளே விரையும் கலவையின் சடத்துவம், முசலம் மேலெழத் தொடங்கிய பின்னும் உருளையை நிரப்பும். தாழ் வேகத்திலோ அக்கலவை வந்த வழியே வெளியே தள்ளப்படும், அமுக்கம் குறையும், முறுக்கம் தளரும். எனவே நீண்ட திறப்புக்காலம் உடைய கேம், வளைவுகள் நிறைந்த குறுகிய தடத்தில் வண்டியைப் பின்தங்கச் செய்யக்கூடும். விற்பனையாளர் கூறும் திறப்புப் பாகைகளை ஒப்பிடும்போதும் அவதானம் தேவை. அளவீடு தொடங்கும் உயரம் வேறுபடின் எண்களும் வேறுபடும். 1.27 மில்லிமீற்றர் தூக்கத்தில் எடுக்கப்பட்ட பாகைகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருத்தமானது.

தூக்க உயரத்துக்கும் எல்லை உண்டு. வால்வைச் சுற்றித் திறக்கும் இடைவெளியின் பரப்பு, தூக்கம் வால்வு விட்டத்தின் நாலிலொன்றாகும்போது வால்வுத் துவாரத்தின் பரப்புக்குச் சமனாகின்றது. 28 மில்லிமீற்றர் வால்வுக்கு அவ்வெல்லை 7 மில்லிமீற்றர். அதற்கு மேற்பட்ட தூக்கத்தால் வரும் பயன் சுருங்கும். பக்கவால்வு எஞ்சினில் மேலும் ஓர் இடர்ப்பாடு உளது. கலவை வால்வைக் கடந்து, திரும்பி, ஒடுங்கிய வழியாக உருளையைச் சேரவேண்டும். உயர்ந்து வரும் வால்வுக்கு இடமளிக்கத் தலைப்பகுதியைக் குடைந்தால் தகன அறை பெருத்து அமுக்க விகிதம் குறையும். சுவாசத்திற் பெற்றதை அமுக்கத்தில் இழப்பது இலாபமன்று.

இனி, மனித உயிரோடு தொடர்புடைய கேள்விக்கு வருவோம். சுழலும் உறுப்புகளின் தகைப்பும் வால்வுகளின் ஆர்முடுகலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வன. 3600 சுற்றிலிருந்து 7200 சுற்றுக்குச் சென்றால் அவை நான்கு மடங்காகும். வலுக்குறைந்த சுருள்வில், வால்வைக் கேமின் வடிவோடு ஒட்டிச்செல்ல விடாது. மிகக் கடுமையான வில்லோ கேம் மேட்டைத் தேய்க்கும். அதனினும் பாரதூரமானவை தொழிற்சாலை அமைத்த அலுமினிய இணைப்புக் கோலும் வார்ப்புப் பறப்புச் சில்லுமாகும். வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னரை அகற்றிவிட்டு இவ்விரண்டையும் மாற்றாது விடுவது, ஓட்டுநரின் இருக்கைக்கு அருகே வெடிக்கக்கூடிய ஒன்றினை வைப்பதற்கு ஒப்பானது. பந்தயத்துக்கென ஆக்கப்பட்ட கோலுக்கும் சில்லுக்கும் பணம் போதாதெனின், கேமை மாற்றாதிருப்பதே அறிவுடைமை.

தெரிவின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் நன்று. முதலில் போட்டி விதிகளை அறிதல் வேண்டும். அடுத்து, தடத்தின் இயல்புக்கேற்ப எஞ்சின் பெரும்பாலும் இயங்கும் வேக எல்லையை வரையறுத்தல் வேண்டும். மூன்றாவதாக, மையநீக்கக் கிளச் எவ்வேகத்தில் பிடிக்கின்றது என்பதையும் பற்சில்லு விகிதத்தையும் நோக்கல் வேண்டும். கேமின் முறுக்க உச்சத்துக்கு மிகக் கீழே கிளச் பிடிக்குமாயின் புறப்பாடு மந்தமாகும். இவற்றின் பின்னரே கேமும், அதற்கிசைந்த வில்லும், காபுரேற்றரும் தெரியப்படல் வேண்டும். பொருத்தியதும் பாகைத் தட்டும் நுண்மானியும் கொண்டு திறப்பு நேரங்களைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. தொழிற்சாலைக் கேமில், கயிற்றை இழுத்துத் தொடக்குவது எளிதாகும் பொருட்டு, அமுக்க அடிப்பில் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் சிறு மேடு உண்டு. பந்தயக் கேம்களில் பொதுவாக அது நீக்கப்பட்டிருக்கும். இழுப்பவரின் கை அதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

பல போட்டி அமைப்புகள் தொழிற்சாலைக் கேமின் வடிவத்தையே கட்டாயமாக்கி, பாகைக்குப் பாகை அளந்து சோதிப்பதுண்டு. அதே நிறுவனத்தின் பிற்கால 206 பந்தய எஞ்சின் முத்திரையிடப்பட்டே விற்கப்படுகின்றது. இவ்விதிகள் புத்தாக்கத்தைத் தடுக்கின்றன என்பார் உளர். ஆயின் கட்டுப்பாடற்ற வகுப்பில், ஒவ்வொரு பருவத்திலும் புதிய கேம் வாங்க வல்லவன் முந்துவான். புல்வெட்டும் பொறியின் எஞ்சினோடு வந்தவன் களத்தை விட்டு நீங்குவான். அவ்வெஞ்சினைப் பந்தயத்துக்குக் கொணர்ந்த காரணமே அத்துடன் அழிந்துபடும். உறுப்பு முழுமைக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்னும் விதி, எஞ்சினுக்குப் பொருந்துவது போன்றே அவ்வெஞ்சின் ஓடும் களத்துக்கும் பொருந்துவதாகும்.