மோட்டார் விபத்தில் காயமுற்றால்

நம் கிராமங்களுக்கு நல்ல சாலைகள் வந்துள்ளன. அவற்றின் வழியே நெல்லும் காய்கறியும் சந்தைக்கு விரைந்து செல்கின்றன. அதே சாலைகளில் கார்களும் லாரிகளும் கடுவேகத்தில் ஓடுகின்றன. சைக்கிளில் பால் கொண்டு செல்பவரும் மாடு ஓட்டி வருபவரும் அடிபட நேருகிறது. உழைப்பவர் படுக்கையில் விழுந்தால் வயலும் வீடும் சேர்ந்து வாடும். ஆகவே, விபத்துக்குப் பின் செய்யத்தக்கவற்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும். உயிரைக் காப்பது முதற்கடமை. பிழைப்பைக் காக்கும் ஆதாரங்களைச் சேர்ப்பது இரண்டாவது கடமை.

முதலுதவி

உடனே 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி, ஊரின் பெயரையும் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் தெரிவிக்க வேண்டும். காயமுற்றவரைக் கை கால் பிடித்துத் தூக்கலாகாது. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருப்பின், அவ்வாறு தூக்குவதால் கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயத்தில் காப்பித்தூளோ மண்ணோ அப்புதலும், மயங்கியவர் வாயில் சோடா ஊற்றுதலும் தீங்கு பயக்கும்.

'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுந்து நடப்பவரும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். தலையிலோ வயிற்றிலோ உள்ளே இரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். வாந்தி, ஓயாத தலைவலி, தூக்கக் கலக்கம் ஆகியவை அபாயக் குறிகள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுமுன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நலம்.

செலவுக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, அதில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். உதவி செய்பவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர இயலாதென்றும், அவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை என்றும் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது.

நஷ்ட ஈடு பெறும் முறை

வண்டியின் எண்ணையும், கண்ணால் கண்டவர் பெயரையும் குறித்துக்கொள்க. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுக. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே படம், வண்டிக் கூலி ரசீது ஆகியவற்றை ஒரே பையில் சேர்த்து வைக்க வேண்டும். வருமானத்தைக் காட்டச் சிட்டா, அடங்கல், பால் சங்கப் புத்தகம் ஆகியன உதவும்.

மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில், ஆறு மாதத்திற்குள் மனுச் செய்து விடுவதே பாதுகாப்பாகும். தாம் வசிக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடி அடையாளம் தெரியாது போயினும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தின்படி, கொடுங்காயத்திற்கு ரூ. 50,000-மும், உயிரிழப்பிற்கு ரூ. 2 இலட்சமும் உண்டு.

சாலையோரத்திலேயே சிறு தொகை பெற்றுக்கொண்டு, வெற்றுத்தாளில் கையொப்பமிடும் வழக்கம் கைவிடத்தக்கது. ஊனத்தின் அளவு பல மாதங்கள் கழித்தே தெரியவரும். அன்று பெற்ற தொகை ஒரு சாகுபடிக்கும் போதாது. நஷ்ட ஈடு கோருவது பகைமையுமன்று. இன்ஷூரன்ஸ் செய்யப்பட்ட வண்டியாயின் பெரும்பாலும் அந்தக் கம்பெனியே தொகையைச் செலுத்தும்.

பஞ்சாயத்தின் பங்கு

அருகிலுள்ள திட்ட மருத்துவமனையின் பெயரைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்கலாம். இளைஞர் சிலருக்கு முதலுதவிப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யலாம். அடிக்கடி விபத்து நேரும் வளைவுகளைக் கிராம சபையில் தீர்மானமாக எழுதி, நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பலாம். காயமுற்றவர் வீட்டில் மனு எழுதத் தெரிந்தவர் இல்லையெனில், அங்கத்தினர் ஒருவர் உடன் செல்லுதல் பேருதவியாகும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. அயலார் துன்பத்தைத் தம் துன்பமாகக் கருதும் மனமிருந்தால் போதும்.