கணிப்பொறி காட்டிய குறைவு

தணிக்கைக்குச் செல்லும் சங்கத்தில் நாம் முதலில் பார்ப்பது பேரேட்டை அன்று. பெட்டியில் உள்ள ரொக்கத்தை. ஏட்டு இருப்பும் கை இருப்பும் ஒத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்று பேரேட்டின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்து வருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களுக்குக் கணிப்பொறி வழங்க, மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நல்ல காரியமே. ஆயினும் பிரிட்டனில் நடந்த ஒன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு முதல் தன் கிளைகளில் 'ஹொரைசான்' என்னும் கணிப்பொறி முறையைப் புகுத்தியது. கிளைகள் பலவற்றை நடத்தியவர்கள் மளிகைக் கடையோடு அஞ்சல் வேலையையும் சேர்த்துப் பார்த்த எளிய மக்கள். மாலையில் கணக்கை முடிக்கும்போது, கணிப்பொறி காட்டிய தொகையைவிடப் பெட்டியில் பல ஆயிரம் பவுன் குறைந்தது. கைப்பணம் போட்டு நிரப்பும்படி நிர்வாகம் வற்புறுத்தியது. சேமிப்பைக் கரைத்தவர்களும் கடன்பட்டவர்களும் பலர். முறையிட்டவர்களில் பலருக்கு, வேறெவருக்கும் இத்தொல்லை இல்லையென்றே விடை கிடைத்தது. 2015-க்குள் 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

இங்கிலாந்து நீதிமன்றங்களில், பழுதென்று காட்டப்படாத வரையில் கணிப்பொறி சரியாகவே இயங்கியதாகக் கொள்வது விதி. பொறியின் உள்ளே பார்க்க வழியில்லாத கடைக்காரர் அதை எங்ஙனம் காட்டுவார்?

ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் உண்மை வெளிப்பட்டது. மென்பொருளிலேயே பிழைகள் இருந்தன. இல்லாத குறைவை அவை காட்டக்கூடியவை. அதை அமைத்த புஜித்சூ நிறுவனத்தின் ஊழியர்கள், கிளைக்காரர் அறியாமலே தொலைவிலிருந்து கணக்கைத் திருத்தவும் முடிந்தது. முடியாதென்றே அஞ்சல் நிறுவனம் நெடுநாள் சாதித்து வந்தது! 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. 2024-இல் தனிச் சட்டமே இயற்றி மற்றும் பல நூறு தண்டனைகளை நீக்கினர்.

தூர தேசத்துக் கதையென்று இதைத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தில், காரியதரிசியின் கடவுச்சொல் சுவர் நாட்காட்டியில் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். எழுத்தர் முதல் நூல் கிடங்குக்காரர் வரை அதைக்கொண்டே பதிவு செய்தனர். உறுப்பினர் ஒருவர் பெயரில் இரண்டு கட்டு நூல் கூடுதலாக ஏறியிருந்தது. பதிந்தவர் காரியதரிசி என்றது பொறி. அன்றோ அவர் விடுப்பில் இருந்தார். "பொறி பொய் சொல்லுமா?" என்றார் எழுத்தர். நெசவாளர் தம் பழைய குறிப்பேட்டை எடுத்து நீட்டினார். தேதிவாரியாக எல்லாம் இருந்தன. கிடங்கு இருப்பை எண்ணினோம். அவர் ஏடே சரியாயிற்று.

பதிவு செய்வோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும் என்றும், திருத்தம் எதுவாயினும் திருத்தியவர் பெயரும் காரணமும் பதிய வேண்டும் என்றும் அறிக்கையில் எழுதினோம். அங்கத்தினர்கள் நூல் பெறும்போதும் தவணை கட்டும்போதும் அச்சிட்ட ரசீதை அவ்விடத்திலேயே வாங்கிப் படித்துப் பார்க்கவும். தொகை மாறியிருப்பின் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெற்றுக்கொள்ளவும்.