வேட்டி மேல கத்தரிக்காய்: ஆர்க்டிக் படங்களை எவ்வளவு எடிட் பண்ணலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். நீளத்தைக் குறைத்திருக்கிறேன், பேசின தமிழை ரொம்பத் திருத்தவில்லை.)

நடுநடுவுல லாரி ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கோங்க. ஓசூர்ல என்.எச். 44 பக்கத்துல வீடு இருந்தா பேக்ரவுண்ட் மியூசிக் இதுதான்.

போன மாசம் என் காலேஜ் நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். ஓசூர் பையன்தான், இப்போ நார்வேயில வேலை. லீவுல ஸ்வால்பார்டு போயிருக்கான். ஹம்ப்பேக் திமிங்கலம் ஒண்ணு முங்கும்போது வாலைத் தூக்கின அந்த ஒரு நொடி. பின்னாடி பனிமலை, கீழ கருநீலத் தண்ணி. செமையான படம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "வால்ல தூசி மாதிரி நிறைய வெள்ளைக் கீறல் இருந்துச்சு மச்சி, ஹீலிங் பிரஷ் போட்டு எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டேன். ஹேப்பிவேல்லயும் ஏத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த இடம் எதுன்னு பார்த்துடலாம்.

ஸ்வால்பார்டு, நார்வேக்கும் வடதுருவத்துக்கும் நடுவுல இருக்கிற தீவுக்கூட்டம். அங்க நி-ஓலசுண்ட்னு ஒரு குட்டி ஊர், கிட்டத்தட்ட 79 டிகிரி வடக்கு. நம்ம நாட்டோட ஆர்க்டிக் ஆய்வு நிலையம் 'ஹிமாத்ரி' அங்கதான் 2008 ஜூலையில இருந்து இருக்கு. ஊருக்கு முன்னாடி இருக்கிற கோங்ஸ்ஃபியோர்டன் வளைகுடாவுல, 2014ல 'இண்ட்ஆர்க்'னு ஒரு கருவித் தொகுப்பைத் தண்ணிக்கு அடியில நிறுத்தினாங்க. அதை உருவாக்கினதுல நம்ம சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற என்ஐஓடிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால ஆர்க்டிக்குக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்க வேண்டாம்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஆர்க்டிக் போற எல்லாரும் முதல் நாள் செய்ற தப்பு ஒண்ணுதான்: படத்துல பனி சாம்பல் கலர்ல வரும். கேமரா கெட்டுப்போகல. அது அப்படித்தான் யோசிக்குது. கேமராவுல இருக்கிற லைட் மீட்டருக்கு, எதிர்ல இருக்கிறது பனியா, கரி மூட்டையான்னு தெரியாது. "உலகம் சராசரியா 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்"னு ஒரு அனுமானத்தை வச்சுக்கிட்டு கணக்குப் போடுது. புதுசா விழுந்த பனி 80, 90 சதவீதம் திருப்பி அனுப்பும். உடனே மீட்டர் "ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு முடிவு பண்ணி, எல்லாத்தையும் இருட்டாக்கிடும். 90ஐ 18ஆல வகுத்தா அஞ்சு மடங்கு. போட்டோகிராஃபி பாஷையில ரெண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல.

இதை டெஸ்ட் பண்ண ஆர்க்டிக் போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில வெள்ளை வேட்டி ஒண்ணை விரிங்க. நடுவுல ஒரு கத்தரிக்காய் வைங்க. வேட்டி பனி, கத்தரிக்காய் சீல். ஆட்டோ மோடுல எடுத்தா வேட்டி அழுக்கு வேட்டியா வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒண்ணுல இருந்து ஒன்றரை ஸ்டாப் வரைக்கும் ஏத்தி எடுங்க. வேட்டி வெளுக்கும், கத்தரிக்காய் தோல்ல இருக்கிற பளபளப்பும் தெரியும். ரெண்டரைக்குப் போனீங்கன்னா வேட்டியோட மடிப்பு, நூல் எல்லாம் காணாமப் போயிடும். அந்தத் தகவல் அப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் திரும்ப வராது. (அம்மா கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க.)

இங்கதான் ரா ஃபைல் முக்கியம். ஜேபெக்ல ஒரு பிக்சலோட ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவுல 16,384. பனியில ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் இருக்கிற நுணுக்கமான வித்தியாசம்தான் மொத்தப் படமே. 256 படியில அதைப் பிடிச்சா, எடிட் பண்ணும்போது திட்டுத் திட்டா உடையும்.

அடுத்தது தூரம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா இதுல கணக்கு இருக்கு. ஸ்வால்பார்டுல 2025 ஜனவரியில இருந்து சட்டம் இன்னும் கடுமையாச்சு. பனிக்கரடிகிட்ட இருந்து குறைஞ்சது 300 மீட்டர் தள்ளி நிக்கணும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். வால்ரஸ் கூட்டமா கரையேறிப் படுத்திருந்தா, படகு 150 மீட்டருக்குள்ள போகக் கூடாது. பனிக்கரடி எதுக்கு கடல் பாலூட்டி லிஸ்ட்லன்னு கேக்குறீங்களா? அது வாழ்றதே கடல் உறைஞ்ச பனி மேல, சாப்பிடுறது சீல். அதோட அறிவியல் பேருக்கே 'கடல் கரடி'ன்னுதான் அர்த்தம்.

இப்போ 600 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமரா. 300 மீட்டர் தூரத்துல உங்க ஃப்ரேமோட அகலம் 18 மீட்டர். கரடி ரெண்டரை மீட்டர்னு வச்சுக்கிட்டா, படத்துல ஏழுல ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவுல சுமார் 800 பிக்சல் கரடி. மீதி எல்லாம் பனி, வானம், தண்ணி. முகத்தை மட்டும் முழு ஃப்ரேம்ல பிடிக்கணும்னு போனவங்களுக்கு இது ஏமாற்றம். ஆனா என் கருத்துல இந்தச் சட்டம் படங்களை நல்லதாக்குது. மிருகம் சின்னதா இருக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய, எவ்வளவு காலியான இடத்துல வாழுதுன்னு தெரியும். முகத்தை மட்டும் எடுக்கணும்னா மைசூர் ஜூவுக்கே போகலாமே, ஓசூர்ல இருந்து காலையில கிளம்பினா மதியம் போய்ச் சேர்ந்திடலாம்.

குளிர் பத்தி சுருக்கமா: ஸ்பேர் பேட்டரியை சட்டைக்கு உள்பாக்கெட்ல வைக்கணும், இல்லைன்னா சார்ஜ் சடசடன்னு இறங்கும். வெளியில இருந்து சூடான அறைக்குள்ள வரும்போது கேமராவை முதல்லயே பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டிடணும். இட்லிப் பானையைத் திறக்கும்போது மூக்குக்கண்ணாடி என்ன ஆகுதோ, அதே கதைதான் லென்ஸுக்கும், உள்பக்கம் உட்பட. அப்புறம் நம்ம ஆட்களுக்குப் பிடிச்ச ஒரு தகவல்: நி-ஓலசுண்டைச் சுத்தி 20 கிலோமீட்டருக்கு வைஃபை, ப்ளூடூத் எல்லாம் ஆஃப் பண்ணிடணும். தொலைதூர விண்பொருள்கள்ல இருந்து வர்ற மெலிசான ரேடியோ அலைகளைக் கேட்டு பூமியை அளக்கிற ஆன்டெனாக்கள் அங்க இருக்கு. கேமராவுல இருந்து போனுக்கு உடனே படம் மாத்துற வேலை நடக்காது.

இப்போ எடிட்டிங். ஆர்க்டிக் படத்தை எடிட் பண்ணவே கூடாதுன்னு சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சாம்பல் பனிதான் பொய். அதை வெள்ளையாக்கினா நாம கண்ணால பார்த்ததுக்கு அது திரும்பி வருது, அவ்வளவுதான். அதே சமயம், பனியோட நிழல் நீலமா இருந்தா பயப்படாதீங்க. வெயில் நேரா விழாத இடத்துக்கு வானத்து வெளிச்சம்தான் வருது, அதனால அங்க நீலம் நிஜம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பி அதைத் துடைச்சு எடுத்தா, பனி ஃப்ரிட்ஜ்ல சுரண்டின ஐஸ் மாதிரி உயிரில்லாம ஆயிடும்.

பிரச்சினை, அந்த 800 பிக்சல் கரடியை க்ராப் பண்ணிப் பெருசாக்கும்போது ஆரம்பிக்குது. நாய்ஸ் தெரியும். உடனே ஏஐ டீநாய்ஸ், ஏஐ ஷார்ப்பன். நான் சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவன், அதனால நேராவே சொல்றேன்: இந்த மாடல்கள்ல பலதும் உங்க படத்துல இல்லாத விவரத்தை "இப்படித்தான் இருந்திருக்கும்"னு ஊகிச்சு வரையும். சீலோட மீசை நாலு பிக்சல்ல மங்கலா இருந்தா, அது அழகான பத்து மீசை வரைஞ்சு குடுக்கும். கம்பளி விளம்பரத்துக்கு ஓகே. ஆனா மீசைக்குக் கீழ இருந்த புள்ளிகளை அது அழிச்சுடுச்சுன்னா?

புள்ளிகள்ல என்ன இருக்குன்னா, அதுதான் அந்த மிருகத்தோட ஆதார் கார்டு. பின்லாந்துல சைமா ஏரியில மட்டுமே வாழ்ற வளையச் சீல்களை, தோல்ல இருக்கிற வளையங்களை வச்சே ஒவ்வொண்ணா அடையாளம் காணுறாங்க. ஹம்ப்பேக் திமிங்கலத்துக்கு வாலோட அடிப்பக்கம்: கருப்பு-வெள்ளைத் திட்டு, ஓரத்துல இருக்கிற வெட்டு, கீறல், தழும்பு. ஹேப்பிவேல் தளத்துல டூரிஸ்டுகள் ஏத்துற வால் படங்களை ஒரு அல்காரிதம் பழைய படங்களோட பொருத்திப் பாக்குது. ஒரு கடல்ல கோடையில பார்த்த திமிங்கலம் குளிர்காலத்துல எந்தக் கடலுக்குப் போச்சுன்னு அப்படித்தான் தெரிய வருது.

இப்போ புரியுதா நான் ஏன் பதறினேன்னு? என் நண்பன் 'தூசி'ன்னு துடைச்சது அந்தத் திமிங்கலத்தோட கையெழுத்தை. வேணும்னு செய்யல. லென்ஸ் தூசிக்கும் தழும்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: சென்சார் தூசின்னா அடுத்தடுத்த எல்லா ஃப்ரேம்லயும் அதே இடத்துல நிக்கும், தழும்புன்னா வாலோட சேர்ந்து நகரும். மூணு ஃப்ரேமை மாத்தி மாத்திப் பார்த்தா முடிஞ்சுது.

பிக்சலைத் தொடாமலும் பொய் சொல்லலாம், அதையும் சொல்லிடணும். 2017ல கனடாவோட சாமர்செட் தீவுல, எலும்பும் தோலுமா தடுமாறின ஒரு பனிக்கரடியை பால் நிக்லன் குழு வீடியோ எடுத்துச்சு. நேஷனல் ஜியோகிராஃபிக் அதைப் போட்டப்போ, பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்ங்கிற மாதிரி வாசகம் சேர்த்துச்சு. உலகமே பார்த்துச்சு. அடுத்த வருஷம், வரம்பு மீறிட்டோம்னு அந்தப் பத்திரிகையே ஒத்துக்கிச்சு. அந்தக் கரடி ஏன் பட்டினியா இருந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. பருவநிலை மாற்றம் நிஜம். அந்தக் கரடி அதுக்கு சாட்சியான்னுதான் தெரியாது.

நானும் இதுல யோக்கியன் இல்லை. போன வருஷம் கெலவரப்பள்ளி அணையில தென்பெண்ணை நுரை பொங்கி ஓடினப்போ, நுரை மேல ஒரு மடையான் உக்காந்திருந்த படம் எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அச்சு அசல் பனிப்பாறை மாதிரி. டைட்டா க்ராப் பண்ணி, கேப்ஷன் இல்லாம போட்டேன். "ப்ரோ எந்த ஊர் ஸ்னோ?"ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் பதில் சொல்லாம லைக் எண்ணிக்கிட்டு இருந்தேன். சாயக்கழிவு, சாக்கடைன்னு எவ்வளவோ கலந்து வர்ற தண்ணி அது. கரையில இருக்கிற விவசாயிங்க வயலுக்கு அதைத்தான் பாய்ச்சுறாங்க. அப்புறம்தான் முழு ஃப்ரேமையும் இடத்தோட பேரையும் சேர்த்துப் போட்டேன். லைக் பாதியாச்சு.

நம்ம பக்கத்துலயே பழகணும்னா பாக் விரிகுடா இருக்கு. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமா 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க. அங்க பிரச்சினை தலைகீழ்: கலங்கல் தண்ணியில சாம்பல் மிருகம். டீஹேஸ் ஸ்லைடரைக் கடைசி வரைக்கும் இழுக்கக் கை அரிக்கும். இழுங்க, ஆனா ஒரிஜினலைத் தனியா வைங்க.

நான் இப்போ வச்சிருக்கிற பழக்கம் இதுதான்: ரா ஃபைலைத் தொடுறதே இல்லை. பார்வைக்கு ஒரு காப்பி, அடையாளத்துக்கு ஒரு காப்பி. ரெண்டாவதுல வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், க்ராப் மட்டும். ஹீலிங் பிரஷ் கிடையாது, ஏஐ கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, மெயின் பிராஞ்ச்ல நேரடியா கமிட் பண்ணாதீங்க.

நல்லவேளை, நண்பன்கிட்ட ரா ஃபைல் இருந்துச்சு. போன வாரம் தழும்போட இருக்கிற வாலை மறுபடி ஏத்தியிருக்கான். மேட்ச் இன்னும் வரல. வந்தா அடுத்த எபிசோடுல சொல்றேன். வேட்டி-கத்தரிக்காய் படம் எடுத்தவங்க எனக்கு அனுப்புங்க. ஆட்டோ மோடு படத்தையும் சேர்த்து.