மனவுறுதியும் மணிக்கூடும்

எண்ணிய கருமம் கைகூடாதவிடத்துப் பெரும்பாலோர் கூறும் காரணம் ஒன்றே: மனவுறுதி போதாது என்பதாகும். தைப்பொங்கலன்று பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் இளைஞன் மாசி பிறக்குமுன்னரே புத்தகத்தை மூடிவிடுகிறான். சீனியைக் குறைப்பதாக வைத்தியருக்கு வாக்களித்தவர் அடுத்த கலியாண வீட்டிலேயே அவ்வாக்கை மறந்துவிடுகிறார். மனவுறுதி சிலருக்குப் பிறப்பிலேயே வாய்ப்பது, தமக்கு வாய்க்கவில்லை என்று இவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய ஆங்கில நாவலாசிரியர் அந்தனி திரொலப்பின் வாழ்க்கை பெரிதும் உதவும்.

1815ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த திரொலப், 1834இல் அங்குள்ள தலைமைத் தபாற் கந்தோரில் ஆண்டுக்கு 90 பவுண் சம்பளத்தில் இளநிலை இலிகிதராகச் சேர்ந்தார். அடுத்த ஏழாண்டுகள் அவருக்கு அவமான காலமாயின. நேரங் கழித்துக் கந்தோருக்கு வருவார். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குவார். கடனும் வட்டியும் ஏறிக்கொண்டே போயின. கடன் கொடுத்தவன் கந்தோருக்கே வந்து, நேரந் தவறாதிருக்கும்படி அவருக்குப் புத்தி கூறுவானாம். நாவல் எழுதவேண்டும் என்ற ஆசை அக்காலத்திலும் அவருள்ளத்தில் இருந்தது. எழுதி முடித்த நாவலோ ஒன்றுமில்லை. மனவுறுதி பிறப்போடு வருவதாயின், இவரிடம் அது வந்திருக்கவில்லை என்றே கூறவேண்டும்.

அவர் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இல்லாமலும் இல்லை. தந்தையார் கடன்பட்டுப் பெல்ஜியத்துக்கு ஓடியபின், குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் பிரான்சஸ் அம்மையார். ஐம்பது வயதைக் கடந்தபின், 1832இலேதான் அவரது முதல் நூல் வெளிவந்தது. நோயுற்ற கணவருக்கும் மகனுக்கும் பணிவிடை செய்துகொண்டே, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, வீட்டார் விழிக்குமுன் அன்றைய எழுத்தை முடித்துவிடுவார். எனினும் எடுத்துக்காட்டு ஒன்றே மனிதனைத் திருத்திவிடுவதில்லை. மகன் திருந்தியது 1841இல் அயர்லாந்துக்கு மாற்றம் பெற்றுச் சென்ற பின்னரே. புதிய இடம், புதிய மேலதிகாரி, ஊரூராய்த் திரியும் புதிய வேலை. பழைய பழக்கங்களைத் தூண்டிய சூழல் அங்கில்லை.

1847இல் வெளியான முதல் நாவல் விலைபோகவில்லை. அடுத்து வந்தவையும் அவ்வாறே. 1855இல் வெளிவந்த நாவலே அவருக்குச் சிறிதளவு பெயரைத் தந்தது. உத்தியோக நிமித்தம் புகையிரதத்தில் அலைய வேண்டியிருந்தமையால், மடியில் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவியார் பின்னர் அதனை மையினாற் படியெடுப்பார். நேரம் இல்லையென்று கூற அவரிடம் வேண்டிய நியாயம் இருந்தது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். வீதியோரத் தபாற்பெட்டிகள் 1852இல் யேர்சித் தீவிலே நிறுவப்பட்டமை இவரது ஆலோசனையினாலாகும். 1867இல் உத்தியோகத்தை விடும்வரை எழுத்தும் அரசாங்க வேலையும் ஒருங்கே நடந்தன.

இலண்டனுக்கு அண்மையில் அவர் குடியேறியபின் அமைந்த முறை வருமாறு. காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்திருத்தல் வேண்டும். குளிர் நாட்டின் விடியற்காலையில் இது எளிதன்று. ஆகவே தம் பழைய குதிரைக்காரனுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்து, கோப்பியுடன் வந்து தம்மை எழுப்பும் பொறுப்பை அவனிடம் விட்டார். எழுவதா, இன்னுஞ் சற்று உறங்குவதா என்னும் வழக்கைப் படுக்கையிற் கிடந்தவாறே விசாரித்தால், தீர்ப்பு உறக்கத்தின் பக்கமே சாயும் என்பதை அவர் அறிந்திருந்தார். வழக்கையே படுக்கைக்கு வெளியே கொண்டுசென்றது அந்த 5 பவுண். தமது வெற்றிக்கு வேறெவரினும் அக்குதிரைக்காரனுக்கே தாம் கூடிய கடமைப்பட்டிருக்கலாம் எனப் பிற்காலத்தில் அவர் எழுதினார். இதனை வேடிக்கைப் பேச்சென ஒதுக்கிவிடலாகாது.

முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதை வாசிப்பதிற் கழியும். பின்னர் மணிக்கூட்டை எதிரில் வைத்து, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம் முடிந்ததும் எழுத்தும் முடியும். எஞ்சிய பொழுதெல்லாம் உத்தியோகத்துக்கும் நண்பர்களுக்கும் குதிரைச் சவாரிக்கும் உரியது. கட்டுப்பாடு என்றதும் இரவு பகலாக உடலை வருத்துதல் என்று கருதுவோர் இதனை நோக்குதல் நன்று.

எழுதிய பக்கங்களை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டிற் பதிந்தும் வந்தார். ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள். கிழமைக்குச் சராசரி 40 பக்கம். சில கிழமைகளில் 20 ஆகக் குறைந்தது, ஒருமுறை 112 ஆக உயர்ந்தது. வெறுமையாய் விடப்பட்ட நாள் ஏட்டைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். 1871இல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, தம் அறையில் எழுதுமேசை ஒன்றை அமைப்பித்து, எட்டு வாரப் பயணத்தில் ஒரு நாவலை முடித்தார். மீண்டும் 1875இல் அங்குச் செல்லும் வழியில் இலங்கையிலும் தங்கினார். அந்நாளில் இங்கு தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிரகரி அவருடன் ஒரே பாடசாலையிற் பயின்றவர்.

திரொலப் பட்டறிவாற் கண்டதைப் பிற்கால உளநூலார் ஆய்வினாலும் கண்டுள்ளனர். பிரித்தானியாவில் 2002இல் வெளியான ஓர் ஆய்விலே, வரும் வாரத்தில் ஒருமுறையேனும் உடற்பயிற்சி செய்யுமாறு மாணவர் கேட்கப்பட்டனர். பயிற்சியின் நன்மைகளை வாசித்தவருள் நூற்றுக்கு 35 பேரே செய்தனர். எதுவும் வாசியாதவருள் 38 பேர் செய்தனர். நன்மைகளை வாசித்ததோடு, எந்நாளில், எந்நேரத்தில், எவ்விடத்தில் என்பதையும் எழுதிக்கொண்டவருள் 91 பேர் செய்தனர். உபதேசம் தனித்து ஒன்றையும் சாதிக்கவில்லை. நாளும் இடமும் குறித்ததே வேற்றுமை செய்தது.

இன்னோர் ஆய்வு 96 பேரைக் கொண்டு இலண்டனில் நடத்தப்பட்டு 2010இல் அச்சேறியது. காலையுணவின்பின் ஒரு கோப்பை நீர் அருந்துதல் போன்ற சிறு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு எத்தனை நாள் வேண்டுமென அதில் ஆராயப்பட்டது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள்வரை செல்லுமென மதிப்பிடப்பட்டது. நடுவாக நின்றது 66 நாள். இருபத்தொரு நாளிற் பழக்கம் படியுமென்று பலர் கூறுவதற்கு இங்கு ஆதாரமில்லை. ஒருநாள் தவறியமையாற் பழக்கம் குலைந்துவிடவும் இல்லை. ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்றென்று கைவிடுவோரே இங்கு மிகுதியாதலின், இச்செய்தி பெரிதும் வேண்டப்படுவதாகும்.

பரீட்சைக்குப் படிப்பவருக்குக் குதிரைக்காரன் தேவையில்லை. விளக்கேற்றியதும் இந்த மேசை, இந்தப் பாடம், இரண்டு பக்கம் என்று முன்னரே குறித்துவைத்தலும், படித்த பக்கத்தைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதுதலும் எவருக்கும் இயல்வன. அளவு சிறிதாயிருத்தலே முக்கியம்; முதல்நாளே ஐம்பது பக்கம் என்று குறிப்பவர் மூன்றாம் நாள் குறிப்பதையே நிறுத்திவிடுவார்.

இம்முறையாற் பெருங்கலைஞர் தோன்றிவிடுவர் என்பதன்று. மணிக்கூட்டை வைத்து எழுதியதை அவரே தம் வரலாற்றிற் கூறியிருந்தார். அந்நூல் 1883இல், அவர் மறைந்தபின் வெளியானபோது அவர் புகழ் சிறிது மங்கியது. கதை எழுதுதலைச் செருப்புத் தைத்தலோடு ஒப்பிட்டமையைப் பலர் பொறுக்கவில்லை. ஆயினும் அவரது 47 நாவல்களுட் சில இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. இறுதி ஆண்டுகளிற் கை பிடித்துக்கொண்டு எழுத ஒட்டாதபோது, அவர் வாயாற் சொல்ல, உறவினளான ஒரு பெண் எழுதினாள். 1882 டிசம்பரில் அவர் இறந்தபோது ஒரு நாவல் முடிவுறாமற் கிடந்தது.