பொத்தானை அமுக்கியது யார்?

புதிய பதிப்பு வந்த மறுநாளே ‘சேமி’ பொத்தான் மக்கர் செய்கிறது, விற்பதற்கு முன்னால் ஒருத்தராவது அமுக்கிப் பார்க்க மாட்டார்களா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். பார்க்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் ஆள் அல்ல, இன்னொரு நிரல்.

கணினி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. மவுஸ் கிளிக், விசைத் தட்டல், டைமர் எல்லாம் அதில் சேரும். ஒரே ஒரு திரெட் (நிரலின் ஓட்ட இழை) அவற்றை எடுத்துக் கவனிக்கும். டிபன் கடையில் ஆர்டர் சீட்டைக் கம்பியில் குத்திவைப்பது மாதிரி. கல்லில் நிற்கும் மாஸ்டர் ஒருவர்தான். சீட்டை எழுதியது சர்வரா, முதலாளியின் பேரனா என்று அவர் பார்ப்பதில்லை. சோதனை நிரல் நுழையும் வாசல் இதுதான்: விரலே இல்லாமல் ‘கிளிக்’ சீட்டைச் செருகிவிடலாம். ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் க்யூட்டி (Qt) என்ற கருவித்தொகுப்பில் ‘ஆஃப்ஸ்கிரீன்’ முறையில் ஓட்டினால் திரைகூட வேண்டாம்.

வேடிக்கை இனிமேல்தான். சோதனை ஓடுவதும் பெரும்பாலும் அதே திரெட்டில். சோதிக்க வந்த அதிகாரியும் மாஸ்டரே! கரண்டியை வைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக ‘நெய் ரோஸ்ட் எங்கே?’ என்று தன்னையே அதட்டிக்கொண்டிருந்தால் கல்லில் எது வேகும்? கோப்பு சேமித்தாயிற்று என்ற செய்தி வரிசையில் கிடக்க, சோதனை ‘தோல்வி’ என்று எழுதிவிடும். அரை விநாடி தூங்கு என்று ஒட்டுப்போடுகிறவர்கள் உண்டு; தூங்குவதும் அதே மாஸ்டர்தானே! வரிசையை ஓடவிட்டபடியே காத்திருக்க வேண்டும். க்யூட்டியின் ‘சிக்னல் ஸ்பை’ அதைத்தான் செய்கிறது: எதிர்பார்த்த சிக்னல் வந்ததும் எழுந்துவிடும், நாமாக வேறு கெடு சொல்லாவிட்டால், 5 விநாடியில் கைவிடும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். 1983-ல் ஆப்பிளில் ஸ்டீவ் கேப்ஸ் ‘மங்கி’ என்றொரு நிரல் எழுதினார். மேக்பெயின்ட், மேக்ரைட் இரண்டையும் அது கண்டபடி கிளிக் செய்து திணறடித்தது. அடிக்கடி ‘வெளியேறு’ கட்டளையையும் அமுக்கித் தொலைத்ததால், குரங்கு ஓடுகிறது என்று மென்பொருளுக்குச் சொல்ல தனி அடையாளமே வைத்தார்கள். போதும்.

ஜன்னலைக் கிளிக் செய்து சோதிப்பதைவிடச் சிக்கனமான வழியை 2002-ல் மைக்கேல் ஃபெதர்ஸ் எழுதினார்: ஜன்னலுக்கு மூளையே கொடுக்காதே. பத்து இலக்க செல்பேசி எண் இருந்தால்தான் ‘சேமி’ உயிர்பெறும் என்றால், அந்த முடிவைத் தனி ஃபங்ஷனில் வை. ஒன்பது இலக்கம், பதினொன்று, நடுவில் ஓர் எழுத்து, வெற்றுப் பெட்டி எல்லாவற்றையும் ஜன்னலைத் திறக்காமலே நொடியில் சோதிக்கலாம். ஜன்னல் தனக்குச் சொல்லப்பட்டதைக் காட்டினால் போதும்.

‘100 சதவீத கவரேஜ்’ என்று மார்தட்டும் விளம்பரத்தை நம்பாதீர்கள். எல்லா வரியும் ஒருமுறை ஓடியது என்றுதான் அதற்குப் பொருள். விடை சரியா என்று யாராவது பார்த்தார்கள் என்றல்ல. பொத்தானின் மேல் வேறொரு பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தாலும், பொத்தானின் ஃபங்ஷனை நேரே அழைக்கும் சோதனை பாஸ்தான். ஆகவே வாசகரே, புகாரில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எதை அமுக்கிவிட்டு எதை அமுக்கினீர்கள் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். விடுபட்ட சோதனையை எழுத நிரல் எழுதியவர்களுக்கு அதுதான் வேண்டும்.